வாசகர் கேள்விகள்: ஆய்வக மேசையிலிருந்து கணினித் திரைக்கு

உயிரியலில் முதுகலைப் பட்டம் பெற்று, சில காலம் ஆய்வகத்தில் செல்களை வளர்த்துப் பழகி, பின்னர் நோய்களின் மரபணுத் தரவுகளைக் கணினிவழி பகுத்தாராயும் துறைக்கு மாறியவர் இம்முறை பதிலளிக்கிறார். அவருடைய முனைவர் பட்ட ஆய்வு நிறைவடையும் நிலையில் உள்ளது. ஒரே பொருளைப் பற்றி வந்த கேள்விகள் சில ஒன்றாக இணைக்கப்பட்டுள்ளன.

ஆய்வகத்தில் செல் வளர்த்துக்கொண்டிருந்த நீங்கள் கணினிக்கு வந்தது எதனால்? கணினியின் மீது முன்பே ஈடுபாடு இருந்ததா?
– முதுகலை மாணவி ஒருவர்

இல்லை. கணினியின் மீதிருந்த ஆசையால் இத்துறைக்கு வந்தவர்கள் பலர் உண்டு. நான் அந்த வகையைச் சேர்ந்தவள் அல்லள். விடை கிடைக்காத ஒரு கேள்விதான் என்னை இழுத்து வந்தது. அழற்சி நோய் ஒன்றில் செல்கள் எப்படி மாறுகின்றன என்பதை நாங்கள் ஆராய்ந்துகொண்டிருந்தோம். எந்தெந்த மரபணுக்களின் செயல்பாட்டை அளப்பது என்பதை நாங்களே முன்கூட்டித் தேர்ந்தெடுத்து, பி.சி.ஆர். முறையில் ஒவ்வொன்றாக அளப்போம். இதில் உள்ள சிக்கல் வெளிப்படையானது. ஏற்கெனவே சந்தேகப்பட்ட மரபணுவைத்தான் அளக்கிறோம். ஆகவே சந்தேகப்பட்டதைத்தான் கண்டுபிடிக்கிறோம்.

பிறகு அதே செல்களின் ஆர்.என்.ஏ. முழுவதையும், அதாவது செயல்படும் மரபணுக்களிலிருந்து உருவாகும் நகல்கள் அனைத்தையும், வரிசைப்படுத்த வாய்ப்புக் கிடைத்தது. மனித மரபணுத்தொகுதியில் புரதங்களை உருவாக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 உள்ளன. அத்தனைக்கும் எண்கள் வந்து சேர்ந்தன. பகுப்பாய்வு வெளியில் செய்யப்பட்டு, முக்கியமானவை என்று குறியிடப்பட்ட மரபணுக்களின் பட்டியலாக எங்களிடம் திரும்பியது. அந்தப் பட்டியலில் இந்த மரபணு ஏன் இருக்கிறது, ஏறக்குறைய அதே அளவு மாறிய மற்றொன்று ஏன் இல்லை என்று கேட்டபோது, ஆய்வகத்தில் எவராலும் பதில் சொல்ல முடியவில்லை. அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடத் தொடங்கியதுதான் பின்னர் என் ஆய்வுத் துறையாகவே ஆகிவிட்டது.

கணினிவழி நோய் ஆய்வு என்பது உண்மையில் என்ன? பெரிய கணினிகளும் செயற்கை நுண்ணறிவும் வந்த பிறகு தோன்றிய துறையா?
– உயிரியல் ஆசிரியர் ஒருவர்

கணினி தோன்றுவதற்கு முன்பே இத்துறை தொடங்கிவிட்டது என்பதே என் கருத்து. மலேரியா ஒட்டுண்ணி கொசுவின் உடலில் வளர்வதை 1897இல் கண்டறிந்து, அதற்காக 1902இல் நோபல் பரிசு பெற்ற ரொனால்ட் ராஸ், அதோடு நின்றுவிடவில்லை. கொசுக்கள் அனைத்தையும் ஒழிக்க யாராலும் முடியாதே, பிறகு கொசு ஒழிப்பால் என்ன பயன் என்று பலரும் கேட்டபோது, கொசுக்களின் எண்ணிக்கையை ஒரு குறிப்பிட்ட வரம்புக்குக் கீழே கொண்டுவந்தாலே நோய் தானாகத் தேய்ந்து மறையும் என்பதை அவர் சமன்பாடுகளின் மூலம் காட்டினார். அவர் மருத்துவர், கணிதத்தைப் பெரும்பாலும் தாமே கற்றுக்கொண்டவர். கொள்ளைநோய்களைக் கணக்கிட இன்றும் அடித்தளமாக உள்ள சமன்பாடுகளைக் கெர்மாக், மெக்கென்ட்ரிக் ஆகிய இருவரும் 1927இல் வெளியிட்டார்கள். இவர்களுள் மெக்கென்ட்ரிக்கும் மருத்துவரே.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு 1971ஆம் ஆண்டைச் சேர்ந்தது. குழந்தைகளின் விழித்திரையில் தோன்றும் ஒரு வகைப் புற்றுநோயைப் பற்றி ஆல்ஃபிரட் நட்சன் என்ற மருத்துவர் ஆராய்ந்தார். அவரிடம் இருந்தவை 48 நோயாளிகளின் பதிவுகள் மட்டுமே: எந்த வயதில் நோய் கண்டறியப்பட்டது, ஒரு கண்ணிலா இரு கண்களிலுமா, குடும்பத்தில் வேறு யாருக்கேனும் இருந்ததா என்பன போன்ற விவரங்கள். ஒவ்வொரு வயதிலும், இன்னும் நோய் கண்டறியப்படாதவர்களின் விகிதத்தை மடக்கை அளவில் வரைந்தபோது, இரு கண்களிலும் நோய் வந்த குழந்தைகளுக்கு அது நேர்கோடாக இறங்கியது. ஒரு கண்ணில் மட்டும் நோய் வந்தவர்களுக்கோ கோடு வளைந்தது. ஒரே ஒரு தற்செயல் நிகழ்வு போதும் என்றால் நேர்கோடு வரும். இரண்டு நிகழ்வுகள் அடுத்தடுத்து நேரவேண்டும் என்றால் வளைகோடு வரும். ஆகவே, இரு கண்களிலும் நோயுற்ற குழந்தைகள் முதல் மரபணுப் பிழையைப் பிறக்கும்போதே கொண்டு வந்திருக்கிறார்கள், அவர்களுக்கு இன்னும் ஒரு பிழை நேர்ந்தாலே போதும், மற்றவர்களுக்கோ இரண்டும் பிறந்த பிறகே நேரவேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். தொடர்புடைய மரபணு 1986இல் பிரித்தெடுக்கப்பட்டது. நட்சனின் கணக்கு சரியாக இருந்தது. மரபணுவைக் கண்ணால் காண்பதற்கு 15 ஆண்டுகளுக்கு முன்பே அது நடந்துகொள்ளும் முறையை ஒரு வரைபடத்திலிருந்து அறிய முடிந்திருக்கிறது.

எச்.ஐ.வி. ஆய்விலும் இதுபோன்ற திருப்பம் ஒன்று உண்டு. தொற்றுக்குப் பிறகு பல ஆண்டுகள் நோயாளி நலமாக இருப்பதால், அந்தக் காலத்தில் வைரஸ் பெரும்பாலும் உறங்கிக் கிடக்கிறது என்று கருதப்பட்டது. புதிய மருந்தைக் கொடுத்தவுடன் இரத்தத்தில் வைரஸின் அளவு எந்த வேகத்தில் குறைகிறது என்பதை அளந்து, அதைச் சமன்பாட்டில் பொருத்திய டேவிட் ஹோ, ஆலன் பெரெல்சன் குழுவினர், நோயாளியின் உடலில் நாள்தோறும் ஏறத்தாழ 1,000 கோடி வைரஸ் துகள்கள் உருவாகி அழிகின்றன என்று 1996இல் காட்டினார்கள். அந்த வேகத்தில் பெருகும் வைரஸ் ஒரே மருந்திலிருந்து எளிதாகத் தப்பிவிடும். எனவே பல மருந்துகளைச் சேர்த்தே கொடுக்கவேண்டும் என்ற வாதத்திற்கு அந்த எண் வலுச்சேர்த்தது. ஹோ மருத்துவர், பெரெல்சன் கணிதவழி உயிரியலாளர். ஒருவர் இல்லாமல் மற்றவரால் அந்த முடிவுக்கு வந்திருக்க முடியாது.

இன்று நாங்கள் செய்வதும் அடிப்படையில் இதுதான், தரவுதான் பெருகிவிட்டது. அன்றாட வேலையைப் பற்றிக் கேட்டால், சமன்பாடுகளைவிடத் தரவைத் துப்புரவாக்குவதிலேயே அதிக நேரம் போகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பள்ளி இறுதி வகுப்புகளுக்குப் பிறகு கணிதத்தைத் தொடவே இல்லை. முனைவர் பட்ட ஆய்வுக்கு வேண்டிய அளவு கணிதத்தை இனிமேல் கற்க முடியுமா? எதிலிருந்து தொடங்குவது?
– உயிர்த்தொழில்நுட்ப மாணவர் ஒருவர். இதே கேள்வியை வேறு சிலரும் கேட்டுள்ளனர்

முடியும். ஆனால் நுண்கணிதப் பாடநூலை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்காதீர்கள். அப்படித் தொடங்கியவர்கள் பெரும்பாலும் மூன்றாம் அத்தியாயத்தைத் தாண்டுவதில்லை. நிகழ்தகவு, புள்ளியியல் ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். ஏன் என்பதற்கு ஒரே ஒரு கணக்கைப் பாருங்கள்.

நோயாளிகள், நலமானவர்கள் என்ற இரு குழுக்களில் 20,000 மரபணுக்களின் செயல்பாட்டை ஒப்பிடுகிறீர்கள் என்று கொள்வோம். தற்செயலாக நேர்வதற்கான வாய்ப்பு 0.05க்குக் கீழே இருந்தால் அந்த வேறுபாடு பொருட்படுத்தத்தக்கது என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். உண்மையில் இரு குழுக்களுக்கும் எந்த வேறுபாடும் இல்லை என்றாலும்கூட, 20,000 சோதனைகளில் 0.05 பங்கு, அதாவது ஏறத்தாழ 1,000 மரபணுக்கள், அந்த வரம்பைத் தாண்டித் தேறிவிடும். அந்த ஆயிரத்தில் நீங்கள் விரும்பும் கதைக்குப் பொருந்தும் பத்து மரபணுக்களாவது நிச்சயம் இருக்கும். அவற்றை வைத்து அழகான ஆய்வுக்கட்டுரை ஒன்றையும் எழுதிவிடலாம். முற்றிலும் பொய்யான கட்டுரையாக அது இருக்கும். இந்த ஆபத்தைக் கட்டுப்படுத்த, தேறியவற்றுள் எத்தனை பங்கு தவறாகத் தேறியிருக்கும் என்பதை வரம்புக்குள் வைக்கும் முறையைப் பெஞ்சமினி, ஹாக்பெர்க் ஆகியோர் 1995இல் வகுத்தார்கள். முழு மரபணுத்தொகுதியிலும் நோயோடு தொடர்புள்ள இடங்களைத் தேடும் ஆய்வுகளில் ஏறத்தாழ 10 லட்சம் தனித்தனிச் சோதனைகள் நடப்பதாகக் கொண்டு, வரம்பை 2 கோடியில் 1 என்ற அளவுக்கு இறுக்கியிருக்கிறார்கள். இந்தப் பத்தி உங்களுக்குப் புரிந்திருந்தால், அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை.

அடுத்து அணிகள், அதாவது நேரியல் இயற்கணிதம். மரபணுக்கள் வரிசைகளாகவும் நோயாளிகள் நெடுவரிசைகளாகவும் உள்ள அட்டவணை என்பதே ஓர் அணிதான். அந்த இருபதாயிரம் பரிமாணங்களை இரண்டாகச் சுருக்கித் தாளில் புள்ளிகளாக வரையும் முறை ஒன்று உண்டு. எந்தத் தரவு கைக்கு வந்தாலும் நான் முதலில் வரைவது அந்தப் படத்தைத்தான். நோயுற்றவர்கள் ஒரு பக்கமும் நலமானவர்கள் மறுபக்கமும் அழகாகப் பிரிந்து நின்றால் மகிழ்ந்துவிடக் கூடாது; திங்கட்கிழமை பதப்படுத்திய மாதிரிகள் ஒரு பக்கமும் வியாழக்கிழமை பதப்படுத்தியவை மறுபக்கமும் நிற்கின்றனவா என்று அதே புள்ளிகளுக்கு வேறு வண்ணம் பூசிப் பார்க்கவேண்டும். நோயாளிகளின் மாதிரிகள் எல்லாம் திங்களன்றும் மற்றவை எல்லாம் வியாழனன்றும் பதப்படுத்தப்பட்டிருந்தால், பிரிவுக்குக் காரணம் நோயா நாளா என்பதை எந்தக் கணிதத்தாலும் சொல்ல முடியாது.

வகைக்கெழுச் சமன்பாடுகள், தொற்றுப் பரவலையோ உடலுக்குள் நடக்கும் இயக்கத்தையோ ஆராய்வதாக இருந்தால் மட்டும் வேண்டும். தேவைப்படும்போது கற்கலாம்.

முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். சோதனைகள் தொடர்ந்து தோல்வியடைகின்றன. கணினிவழி ஆய்வுக்கு மாறிவிடலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இது தப்பித்து ஓடுவதாகுமா?
– பெயர் வெளியிட விரும்பாத ஆய்வாளர்

தப்பித்து ஓடுவதில் தவறொன்றும் இல்லை. ஓடிச்சேரும் இடம் எது என்பதைத்தான் பார்க்கவேண்டும். சோதனை ஏன் தோற்கிறது என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். செல் வளர்ப்பில் கிருமி கலந்துவிடுகிறது, நோயெதிர்ப்புப் புரதம் ஒட்டவில்லை என்பன போன்ற கைவேலைச் சிக்கல்கள் என்றால், மாறுவதற்கு அது நல்ல காரணமே. ஆனால் சோதனையின் அமைப்பே தவறாக இருந்து, கேள்வி தெளிவில்லாமல் இருந்தால், அந்தத் தெளிவின்மை கணினிக்கும் உங்களோடு கூடவே வரும். சோதனை முடிந்த பிறகு புள்ளியியலாளரிடம் வருவது பிணக்கூறாய்வு செய்யச் சொல்வதைப் போன்றது, எதனால் இறந்தது என்று வேண்டுமானால் அவர் சொல்லக்கூடும் என்று புள்ளியியலாளர் ஆர். ஏ. ஃபிஷர் 1938இல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டில் பேசினார். அந்த நிலை இன்றும் மாறவில்லை.

மாறுவதற்கு முன் ஒரு சோதனை ஓட்டம் செய்துபாருங்கள். நீங்கள் ஆராயும் நோயைப் பற்றிப் பிறர் வெளியிட்ட மரபணுச் செயல்பாட்டுத் தரவு, ஜியோ (ஜீன் எக்ஸ்பிரஷன் ஆம்னிபஸ்) போன்ற பொதுத் தரவுக் களஞ்சியங்களில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. நன்கு எழுதப்பட்ட ஒரு கட்டுரையைத் தேர்ந்தெடுத்து, அதன் மூலத் தரவை இறக்கி, கட்டுரையில் உள்ள ஒரே ஒரு படத்தை நீங்களே மறுபடி உருவாக்க முயலுங்கள். முதலில் அது பொருந்தாது. ஏன் பொருந்தவில்லை என்று தேடும் அந்த வாரங்கள் உங்களுக்குச் சலிப்பைத் தருகின்றனவா, இல்லை இரவு உணவை மறக்கச் செய்கின்றனவா என்பதைக் கவனியுங்கள். நண்பர்களின் அறிவுரையைவிட அது நம்பகமானது.

உங்கள் நெறியாளருக்குப் பகுப்பாய்வில் பழக்கம் இல்லை என்றால், அதில் தேர்ந்த ஒருவரை இணை நெறியாளராகச் சேர்த்துக்கொள்ள இப்போதே கேளுங்கள். நான்காம் ஆண்டில் கேட்பது வீண்.

என் மகள் உயிரியலில் நல்ல மதிப்பெண் பெற்றவள். இப்போது முனைவர் பட்ட ஆய்வு என்று நாள் முழுவதும் கணினித் திரையின் முன்னே அமர்ந்திருக்கிறாள். இத்தனை ஆண்டுகள் படித்த உயிரியல் வீணாகிவிட்டதா என்று வருந்துகிறேன்.
– தந்தை ஒருவர்

ஐயா, வருந்த வேண்டாம். உங்கள் மகள் திரையில் பார்த்துக்கொண்டிருப்பது எண்களைத்தான். ஆனால் அந்த எண்களில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று அவருக்குச் சொல்வது அவர் படித்த உயிரியல்தான்.

இரண்டு காட்சிகளைச் சொல்கிறேன். தனித்தனிச் செல்களின் ஆர்.என்.ஏ.வை அளந்த தரவு ஒன்றில், ஒரு கூட்டம் செல்கள் மட்டும் மற்றவற்றிலிருந்து விலகி நிற்கின்றன. அவற்றில் மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுக்கள் மிக அதிகமாகத் தெரிகின்றன. உயிரியல் அறியாதவர், புதிய செல் வகையைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று மகிழ்வார். செல்லைக் கையாண்டு பழகியவருக்கோ, சவ்வு கிழிந்து உள்ளிருந்த ஆர்.என்.ஏ. கசிந்துபோய், மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருந்தது மட்டும் எஞ்சிய, இறந்துகொண்டிருக்கும் செல்கள் அவை என்ற ஐயம் உடனே எழும். இதயத்தசைச் செல்களில் இயல்பாகவே மைட்டோகாண்ட்ரியா மிகுதி என்பதால், அங்கே அதே எண்ணுக்கு வேறு பொருள் என்பதும் அவருக்குத் தெரியும்.

மற்றொன்று: நூற்றுக்கணக்கான நோயாளிகளின் மாதிரிகள் வருகின்றன. பெண்களின் செல்களில் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களுள் ஒன்றை அடக்கிவைக்கும் சிஸ்ட் என்ற மரபணு செயல்படும். ஆண்களின் செல்களில் ஒய் குரோமோசோமின் மரபணுக்கள் செயல்படும். ஆண் என்று குறித்த மாதிரியில் சிஸ்ட் உரக்கப் பேசி, ஒய் மரபணுக்கள் மௌனமாக இருந்தால், பெரும்பாலும் எங்கோ குழாய்களின் பெயர்ச்சீட்டு மாறிவிட்டது என்று பொருள். சில நிமிடங்களில் முடியும் இந்தச் சோதனையைச் செய்யாமல் விட்டால், பின்னர் வரும் மாதக்கணக்கான உழைப்பு அத்தனையும் தவறான நோயாளியைப் பற்றியதாக இருக்கும்.

இன்னும் ஒன்றும் உண்டு. கணக்கு ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டும். அங்கே என்ன நடக்கிறது என்பதைப் பல வேளைகளில் அதனால் சொல்ல முடியாது. உடற்பருமனோடு தொடர்புள்ள வேறுபாடுகள் எஃப்.டி.ஓ. என்ற மரபணுவின் உள்ளே இருப்பதாக 2007இல் கண்டார்கள். பல ஆண்டுகள் அந்த மரபணுவே காரணம் என்று எண்ணினார்கள். அந்த வேறுபாடு உண்மையில் தொலைவில் உள்ள ஐ.ஆர்.எக்ஸ்.3, ஐ.ஆர்.எக்ஸ்.5 ஆகிய மரபணுக்களைக் கட்டுப்படுத்தும் பகுதியில் விளைவை ஏற்படுத்துகிறது என்று 2015இல் காட்டியபோது, கணினியோடு கொழுப்புச் செல்களும் எலிகளும் தேவைப்பட்டன. ஆகவே உங்கள் மகளின் நிரல்கள் சுட்டும் இடத்தை யாரேனும் ஆய்வகத்தில் உறுதிசெய்ய வேண்டியிருக்கும்; அவர்களோடு அவர்களுடைய மொழியில் பேசக்கூடியவர் அந்தக் குழுவில் அவராகத்தான் இருப்பார்.

முதலில் கற்க வேண்டியது ஆர் மொழியா, பைத்தான் மொழியா?
– பலர்

உங்கள் அருகில் அமர்ந்திருப்பவர் எதைப் பயன்படுத்துகிறாரோ அதை. மரபணுச் செயல்பாட்டுப் பகுப்பாய்வுக்கு ஆர் மொழியில் பயோகண்டக்டர் தொகுப்பு வலுவானது. இயந்திரக் கற்றலுக்குப் பைத்தான் வசதியானது. ஆய்வை முடிப்பதற்குள் இரண்டிலும் எழுதுவீர்கள். இதைவிட முக்கியமாக, லினக்ஸ் கட்டளைகளையும், நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட் கருவியையும் முதல் மாதத்திலேயே பழகுங்கள். ஆய்வகக் குறிப்பேட்டில் நாள்குறித்து எழுதும் பழக்கம் உள்ளவர்களுக்குக் கிட் புதிதாகத் தோன்றாது.

ஆய்வகத்தில் தவறு நேர்ந்தால் கண்ணுக்குத் தெரியும். கணினியில் தவறு நேர்ந்ததை எப்படி அறிவது?
– ஆய்வு மாணவி ஒருவர்

இந்த மாதம் வந்தவற்றுள் மிகக் கூர்மையான கேள்வி இதுதான். கிருமி கலந்த செல் வளர்ப்புக் கலங்கிப்போகும், நாற்றமடிக்கும். தவறான நிரலோ பிழையறிவிப்பு எதுவும் இல்லாமல் ஓடி முடித்து, பளிச்சென்ற ஒரு படத்தை வரைந்து தரும்.

எக்செல் கதையை இத்துறையில் எல்லோரும் அறிவார்கள். மார்ச்1, செப்ட்2 என்பன போன்ற பெயர்களைக் கொண்ட மரபணுக்கள் இருந்தன. அவற்றை எக்செலில் ஒட்டியவுடன், அது அவற்றை மார்ச் முதல் தேதி, செப்டம்பர் இரண்டாம் தேதி என்று தானாகவே மாற்றிவிடும். இந்தச் சிக்கலை 2004இலேயே எச்சரித்திருந்தார்கள். இருந்தும், 2016இல் ஆய்வுக்கட்டுரைகளின் இணைப்புகளைத் துருவிப் பார்த்தபோது, எக்செல் கோப்பில் மரபணுப் பட்டியலை இணைத்திருந்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் இத்தகைய பிழை இருந்தது. கடைசியில் மென்பொருள் மாறுவதற்குக் காத்திராமல், பெயரிடும் குழு அந்த மரபணுக்களின் பெயர்களையே 2020இல் மாற்றியது தெரியவந்தது; மார்ச்1 என்பது மார்ச்எஃப்1 ஆனது. மனிதனுடைய மரபணுவுக்குப் பெயர் மாற்றுவது ஒரு விரிதாள் மென்பொருளின் வழக்கத்தை மாற்றுவதைவிட எளிதாக இருந்திருக்கிறது!

இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய பிழை. சிரிக்க முடியாததும் நடந்திருக்கிறது. எந்தப் புற்றுநோயாளிக்கு எந்த மருந்து பலனளிக்கும் என்பதை மரபணுச் செயல்பாட்டைக் கொண்டே முன்கூட்டிச் சொல்லலாம் என்று 2006இல் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளிவந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. கீத் பேகர்லி, கெவின் கூம்ப்ஸ் என்ற இரு புள்ளியியலாளர்கள் அதன் கணக்கை மீண்டும் செய்துபார்க்க முயன்றபோது, மரபணுப் பட்டியல் ஒரு வரிசை கீழே நகர்ந்திருந்ததைக் கண்டார்கள். ஒவ்வோர் எண்ணும் அதற்குரிய மரபணுவுக்கு அடுத்த மரபணுவின் பெயரில் நின்றது. வேறு குளறுபடிகளும் இருந்தன. அவர்கள் தம் கண்டுபிடிப்புகளை 2009இல் வெளியிட்டார்கள். அதற்குள் அந்த முறையை நம்பி நோயாளிகளிடம் மருத்துவச் சோதனைகளே தொடங்கப்பட்டிருந்தன. அவை பின்னர் நிறுத்தப்பட்டு, கட்டுரையும் திரும்பப் பெறப்பட்டது.

என் வழக்கத்தைச் சொல்கிறேன். விடை முன்பே தெரிந்த தரவு ஒன்றைச் செயற்கையாக உருவாக்கி, அதில் நிரலை முதலில் ஓட்டுவேன். நான் ஒளித்துவைத்த விடையை அது கண்டுபிடிக்கவேண்டும். பிறகு நோயாளி, நலமானவர் என்ற குறிகளைச் சீட்டுக்கட்டைப்போல் கலைத்துவிட்டு மறுபடி ஓட்டுவேன். இப்போது எதுவும் கிடைக்கக்கூடாது. கலைத்த பிறகும் ‘கண்டுபிடிப்புகள்’ வந்தால் நிரலில் எங்கோ ஓட்டை இருக்கிறது. மிக அழகான முடிவு வரும் நாளில் இந்தச் சோதனைகளை இன்னொரு முறை செய்வேன்.

செயற்கை நுண்ணறிவே புரதங்களின் வடிவத்தைக் கணித்து நோபல் பரிசும் வாங்கிவிட்டது. நாங்கள் ஐந்தாண்டுகள் செலவிட்டு இதைக் கற்பதில் பொருள் உண்டா?
– பொறியியல், உயிரியல் மாணவர்கள் இருவர்

பரிசு பெற்றவர்கள் மனிதர்கள்தாம்: 2024ஆம் ஆண்டின் வேதியியல் பரிசை டேவிட் பேக்கர், டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் ஆகிய மூவரும் பகிர்ந்துகொண்டார்கள். புரத வடிவத்தைக் கணிக்க ஹசாபிஸும் ஜம்பரும் உருவாக்கிய ஆல்ஃபாஃபோல்டு என்ற மென்பொருள் எதிலிருந்து கற்றது என்பதைப் பாருங்கள். 1971இல் தொடங்கப்பட்ட புரதத் தரவு வங்கியில், உலகெங்கும் உள்ள ஆய்வாளர்கள் புரதங்களைப் படிகமாக்கி, எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்து, அரை நூற்றாண்டாகச் சேர்த்துவைத்த ஒன்றரை லட்சத்திற்கும் மேற்பட்ட வடிவங்களிலிருந்து கற்றது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் 1963இல் வெளியிட்ட வரைபடம், புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப இயலும் என்பதைக் காட்டியது. ஒரு புரத வடிவம் நம்பத்தக்கதா என்று சரிபார்க்க இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். அப்படித் தேர்ந்து, சரிபார்த்து, ஒழுங்காக வைக்கப்பட்ட தரவு நோய்களைப் பொறுத்தவரை இன்னும் நம்மிடம் இல்லை.

இல்லாதபோது என்ன நடக்கும் என்பதற்கு 2018இல் வெளியான ஓர் ஆய்வு நல்ல சான்று. மார்பு எக்ஸ்ரே படங்களில் நிமோனியாவைக் கண்டறியப் பயிற்றுவித்த ஒரு மென்பொருள், பயிற்சி பெற்ற மருத்துவமனைகளின் படங்களில் சிறப்பாகவும், வெளி மருத்துவமனையின் படங்களில் பெரும்பாலும் அதைவிட மோசமாகவும் செயல்பட்டது. படம் எந்த மருத்துவமனையில் எடுக்கப்பட்டது என்பதை அதனால் ஏறக்குறைய பிழையின்றிச் சொல்ல முடிந்தது. ஒரு மருத்துவமனையில் நிமோனியா நோயாளிகள் அதிகம் என்றால், நுரையீரலைப் பார்க்காமலேயே இடத்தைப் பார்த்து ஓரளவு சரியாக ஊகித்துவிடலாம் அல்லவா? இதைக் கண்டுபிடித்தவர்கள், இந்த மதிப்பெண் எப்படி வந்தது என்று சந்தேகப்பட்ட மனிதர்கள். நிரல் எழுதும் வேலையின் பெரும்பகுதியை இயந்திரம் எடுத்துக்கொண்டாலும் இந்தச் சந்தேகத்தை உங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளாது; ஐந்தாண்டுகளில் நீங்கள் கற்பது பெரும்பாலும் அதைத்தான்.

நோயாளிகளின் மரபணுத் தரவு ஓர் ஆய்வு மாணவருக்குக் கிடைக்குமா? பெயர்களை நீக்கிவிட்டால் போதாதா, ஏன் இத்தனை அனுமதிகள்?
– முதலாண்டு ஆய்வாளர் ஒருவர்

கிடைக்கும், ஆனால் தாமதமாகும். பெயரை நீக்குவது போதாது, ஏனெனில் மரபணுத்தொகுதியே ஓர் அடையாளம். நூற்றுக்கணக்கானவர்களின் மரபணுத் தரவைக் கலந்து, மொத்தச் சராசரிகளை மட்டும் வெளியிட்டாலும், குறிப்பிட்ட ஒருவர் அந்தக் குழுவில் இருந்தாரா என்பதைப் புள்ளியியலால் கண்டறிய முடியும் என்று 2008இல் ஓர் ஆய்வு காட்டியது. அதுவரை எவரும் இறக்கிக்கொள்ளும்படி வைக்கப்பட்டிருந்த அத்தகைய சராசரிகளை அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் உடனே பொதுப் பார்வையிலிருந்து விலக்கிக்கொண்டன. நோயாளிக் குழுவில் ஒருவர் இருந்தார் என்று தெரிந்தாலே அவருடைய நோய் தெரிந்துவிடும் என்பதுதான் அச்சம்.

எனவே நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும்போதே தரவு எங்கிருந்து வருகிறது, அதற்கான அனுமதி ஏற்கெனவே இருக்கிறதா, உங்கள் பெயரை அதில் சேர்க்க முடியுமா என்று கேட்டுவிடுங்கள். ‘வந்துவிடும்’ என்ற பதிலை இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 5 லட்சம் பேரின் விவரங்களைக் கொண்ட பிரிட்டனின் யூ.கே. பயோபேங்க் போன்ற பெருந்தொகுப்புகளுக்கு நிறுவனத்தின் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். 26 மக்கள் குழுக்களைச் சேர்ந்த 2,504 பேரின் மரபணுத்தொகுதிகளைக் கொண்ட ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டத்தின் தரவோ, அவர்களுடைய ஒப்புதலோடு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அதில் நோய் விவரங்கள் கிடையா, ஆனால் முறைகளைக் கற்க அது போதும். விண்ணப்பத்தை முதல் மாதத்திலேயே அனுப்பிவிட்டு, அனுமதி வரும்வரை அந்தத் திறந்த தரவிலேயே நிரலை எழுதி, சோதித்து, ஓடும் நிலையில் வைத்திருங்கள்.